முக்கல் வேறு, அலறல் வேறு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தொலைக்காட்சியில் டென்னிஸ் பார்க்க உட்கார்ந்தால், பந்து அடிபடும் ஒவ்வொரு முறையும் யாரையோ வெட்டிச் சாய்ப்பது போன்ற ஒரு கூக்குரல் கேட்கிறது. பார்வையாளர்கள் சற்றே சலசலத்தால்கூட நடுவர் அமைதி காக்கச் சொல்கிறார். ஆடுபவர் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாமா? இதை விதி போட்டுத் தடுக்கக் கூடாதா, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: தடுக்கலாம், ஆனால் எதைத் தடுக்கப் போகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சத்தம் முழுவதையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள். நம்மிடம் முக்கல், உறுமல், வீறிடல், அலறல் என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதால், இந்த வழக்கு நமக்குக் கொஞ்சம் எளிதாகவே விளங்கும். மூட்டை தூக்குபவர் முக்குவது உடம்பு செய்கிற வேலை. மூட்டையை இறக்கி வைத்த பிறகும் அவர் முக்கிக்கொண்டே இருந்தால், அதை உடம்பின் வேலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விதி ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் ஆட்ட விதிகளில் 26ஆம் விதி இடையூறு பற்றியது. எதிராளி வேண்டுமென்றே செய்த செயலால் ஒருவரின் ஆட்டம் தடைபட்டால், அந்தப் புள்ளி தடைபட்டவருக்கே சேரும். தெரியாமல் நேர்ந்த இடையூறு என்றால் அந்தப் புள்ளி மீண்டும் ஆடப்படும். இந்த விதிக்குப் பல் இருக்கிறது என்பதை உலகமே பார்த்தது 2011ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்தில். முதல் செட்டை இழந்திருந்த செரீனா வில்லியம்ஸ், இரண்டாம் செட்டின் முதல் கேமில் ஓங்கி ஒரு பந்தை அடித்துவிட்டு, அது வெற்றிப் புள்ளி என்ற நம்பிக்கையில் ‘கம் ஆன்’ என்று உற்சாகக் குரல் எழுப்பினார். ஆனால் சமந்தா ஸ்டோசர் எட்டிப் பாய்ந்து பந்தில் மட்டையைப் பட வைத்துவிட்டார். நடுவர் ஈவா அஸ்தெராக்கி அந்தப் புள்ளியை ஸ்டோசருக்கு வழங்கினார். அதோடு அந்த கேமும் செரீனாவின் கையை விட்டுப் போயிற்று. செரீனா நடுவரிடம் பொரிந்து தள்ளி அபராதமும் கட்டினார். ஸ்டோசர் 6-2, 6-3 என்று வென்றார்.

ஒரே ஒரு முறை, பந்து போய்ச் சேருமுன் இரண்டு சொல் கத்தியதற்குப் புள்ளி போகிறது. ஆட்டம் முழுவதும் ஒவ்வொரு பந்துக்கும் நீட்டி அலறுகிறவருக்கு ஒன்றுமே நேர்வதில்லை. என்றோ ஒரு நாள் செய்தால் குற்றம், தினமும் செய்தால் பழக்கம்! விதியில் இருக்கும் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்தான் இந்த வேடிக்கைக்குக் காரணம். பழக்கத்தால் வரும் சத்தம் வேண்டுமென்றே எழுப்பப்படுவதா, தானாக வருவதா என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்த மனோதத்துவச் சோதனையில் இறங்க எந்த நடுவரும் விரும்புவதில்லை.

கேள்வி: இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் மரியா ஷரபோவாதானே?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே 1970களில் ஜிம்மி கானர்ஸ் ஒவ்வொரு அடிக்கும் உறுமிக்கொண்டுதான் ஆடினார். 1988ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் ஆந்த்ரே அகாசியின் சத்தம் தன் ஆட்டத்தின் நேரக் கணக்கைக் குலைக்கிறது என்று இவான் லெண்டில் முறையிட்டார். முறையிட்டவர்தான் வென்றார் என்பது வேறு கதை.

ஆனால் இது ஒரு வழக்காக உருவெடுத்தது 1992ஆம் ஆண்டு விம்பிள்டனில். அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தவர் மோனிக்கா செலஸ், வயது 18. பந்து அடிபடும்போது அவரிடமிருந்து எழும் இரட்டைச் சத்தத்தை லண்டன் நாளிதழ்கள் கருவி வைத்து அளந்து கேலி செய்துகொண்டிருந்தன. காலிறுதியில் நத்தாலி தோசியா முறையிட்டார். அரையிறுதியில் மார்ட்டினா நவ்ரத்திலோவா முறையிட்டார். சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு நடுவரும் செலஸிடம் சொன்னார். அந்த இரண்டு ஆட்டங்களிலும் வென்ற செலஸ், இறுதி ஆட்டத்தில் வாயை மூடிக்கொண்டு ஆடுவது என்று முடிவெடுத்தார். ஸ்டெஃபி கிராஃப் 6-2, 6-1 என்று அவரைத் துடைத்தெடுத்துவிட்டார். அன்று வாயை மூடிக்கொண்டதற்காகப் பின்னாளில் செலஸ் வருத்தம் தெரிவித்திருக்கிறார்.

அந்தத் தோல்வியை மௌனத்தின் கணக்கில் முழுதாக எழுத நான் தயாரில்லை. புல்தரையில் கிராஃப் அன்று ஆடிய விதத்துக்கு, செலஸ் கூரை பிளக்கக் கத்தியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று தோன்றவில்லை. ஆனாலும், பல ஆண்டுகளாக மூச்சோடும் கையோடும் சேர்ந்து படிந்துவிட்ட ஒரு பழக்கத்தை ஓர் இறுதி ஆட்டத்தன்று காலையில் அறுத்தெறிய ஒருவரைத் தள்ளியது சரியான செயல் அல்ல.

கேள்வி: ஆண்களும் கத்துகிறார்கள். நடால், ஜோகோவிச், அல்கராஸ் யாரும் வாயை மூடிக்கொண்டு ஆடியதில்லை. புகார் மட்டும் பெண்கள் மீதே வருவது ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. கானர்ஸ் உறுமியபோது போராட்டக் குணம் என்று எழுதிய பேனாக்கள், செலஸும் ஷரபோவாவும் சத்தமிட்டபோது நாகரிகக் குறைவு என்று எழுதின. பெண்ணின் குரல் இயல்பாகவே உச்ச ஸ்தாயியில் ஒலிப்பதால் காதில் கூர்மையாகப் போய்த் தைக்கிறது. அதை ஒரு குற்றமாகச் சொல்ல முடியாது. 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் உள்ளூர் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டியை எதிர்த்து ஆடிய 19 வயது அரினா சபலென்காவின் குரலை மெல்போர்ன் கூட்டம் ஒவ்வொரு பந்துக்கும் திருப்பிக் கத்திக் கேலி செய்தது. அதைவிட அநாகரிகமாக அந்த அரங்கில் அன்று வேறெதுவும் நடக்கவில்லை.

மீதிப் பாதி என்னவென்றால், முறையிட்டவர்களில் பெரும்பாலோரும் பெண்களே. வலைக்கு மறுபக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஆட வேண்டியவர்கள். இந்தச் சத்தம் சுத்த மோசடி என்று 2009இல் சொன்னவரும் நவ்ரத்திலோவாதான். அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் மூன்றாம் சுற்றில் 16 வயது போர்ச்சுகல் பெண் மிஷெல் லார்ஷர் டி பிரிட்டோவின் நீண்ட அலறலைப் பற்றி அரவான் ரெஸாய் முறையிட, போட்டியின் மேற்பார்வையாளரே களத்துக்கு வர வேண்டியதாயிற்று. ஆண்களின் உறுமல் பெரும்பாலும் பந்தை அடித்ததுமே முடிந்துவிடுகிறது. விக்டோரியா அசரென்காவின் குரலோ பந்து வலையைத் தாண்டிய பிறகும் இழுத்துக்கொண்டே போகும். ஆணா பெண்ணா என்பதை விட்டுவிட்டு, அடித்ததுமே முடிகிறதா, நீள்கிறதா என்று பார்த்தால் இந்த வழக்கில் பாரபட்சத்துக்கே இடமில்லை.

(கொசுறாக ஒன்று: 2013 விம்பிள்டனில் தகுதிச் சுற்று வழியாக வந்த அதே லார்ஷர் டி பிரிட்டோ, ஷரபோவாவை 6-3, 6-4 என்று வீழ்த்தினார். அந்த ஆட்டத்தில் சத்தத்தைப் பற்றி யாரும் யார் மீதும் புகார் சொல்ல வழியில்லை.)

கேள்வி: கத்துவதால் உண்மையிலேயே பயன் உண்டா, வெறும் பழக்கமா?
– மருந்தாளுநர், ஈரோடு

பதில்: உண்டு. உலக்கை பிடித்து நெல் குத்தியவர்களும், கல்லில் துணி அடித்து வெளுத்தவர்களும், அடி விழும் கணத்தில் ‘உஸ்’ என்று மூச்சை விட்டதை நம் பாட்டிமார் காலத்து ஆட்கள் கேட்டிருப்பார்கள். வயிற்றையும் நடுவுடலையும் இறுக்கி, அந்த இறுக்கத்தை மூச்சோடு சேர்த்து வெளியே விடும்போது கையின் வீச்சு கூடுகிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்கள் 32 பேரை வைத்து நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், சத்தமிட்டு அடித்தபோது சர்வீஸின் வேகமும் முன்கை அடியின் வேகமும் ஏறக்குறைய 5 விழுக்காடு கூடின. மணிக்கு 180 கிலோமீட்டரில் வரும் சர்வீஸ் 189இல் வரும் என்றால், எதிரே நிற்பவருக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல.

அதே சமயம் எதிராளிக்குக் கெடுதலும் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் பந்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கிறார். மட்டையின் நடுவில் பட்ட பந்து ஒரு விதமாக ஒலிக்கும், விளிம்பில் பட்டது வேறு விதமாக ஒலிக்கும், சீவி விட்ட பந்து இன்னொரு விதமாக ஒலிக்கும். ஆட்டக்களத்தின் நீளம் 23.77 மீட்டர். அடிபட்ட ஓசை இந்தத் தூரத்தை ஒரு நொடியின் நூற்றில் ஏழு பங்கு நேரத்தில் கடந்து வந்துவிடும். பந்து வந்து சேர ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அந்த முன்தகவலின் மீது அலறல் வந்து மூடிக்கொண்டால் என்ன ஆகும்? ஸ்காட் சின்னெட், ஆலன் கிங்ஸ்டோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், டென்னிஸ் காட்சிகளைத் திரையில் காட்டி, பந்து இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்று 33 பேரைச் சொல்லச் சொன்னார்கள். அடிபடும் கணத்தில் இரைச்சல் சேர்ந்தபோது, பதில் நொடியின் ஆயிரத்தில் 21 முதல் 33 பங்கு வரை தாமதமாகியது. தவறுகளும் 3 – 4 விழுக்காடு கூடின. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் பந்து அந்த 30 பங்கு நேரத்துக்குள் இரண்டடிக்கு மேல் நகர்ந்துவிடும். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டது செயற்கை இரைச்சல், நிஜ ஆட்டக்காரரின் குரல் அல்ல. பதில் சொன்னவர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். எனவே அதை ஒரு சாட்சியமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று இன்னும் சுவையானது: தோற்கப் போகும் ஆட்டத்தில் ஒருவரின் முக்கல், வெல்லும் ஆட்டத்தில் இருப்பதைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறதாம். சத்தம் எதிராளியைக் குழப்புவது ஒருபுறம் இருக்க, ஆடுபவரையே காட்டிக் கொடுக்கவும் செய்கிறது.

கேள்வி: கபடியில் பாட்டை நிறுத்தினால் ஆட்டமிழப்பு. டென்னிஸில் மட்டும் சத்தம் ஏன் குற்றம்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கபடியில் பாட்டு என்பது ஆடுபவரின் மூச்சை அளக்கும் கடிகாரம். டென்னிஸ் முக்கல் எதையும் அளப்பதில்லை.

கேள்வி: அப்படியானால், எத்தனை டெசிபல் வரை கத்தலாம் என்று வரம்பு வைத்துவிட்டால் என்ன?
– மின் பொறியாளர், சேலம்

பதில்: ஏறக்குறைய அந்த வழியைத்தான் மகளிர் டென்னிஸ் சங்கம் யோசித்தது. 2012இல் அது அறிவித்த திட்டத்தின்படி, அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, வளர்ந்து வரும் இளையவர்களுக்குப் பயிற்சிக்கூடங்களிலேயே சத்தத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுப்பது என்றும், நடுவர்கள் கையில் பிடித்துக்கொண்டு சத்தத்தை அளக்க ஒரு கருவியை உருவாக்குவது என்றும் பேசினார்கள். அந்தக் கருவி எந்த நடுவரின் கைக்கும் வந்து சேரவில்லை. 1998இல் பிறந்த சபலென்காவுக்கு அப்போது 14 வயது. அதாவது, திருத்தப்பட வேண்டிய அந்த இளைய தலைமுறை அவர்தான். 2023 செப்டம்பரில் அவர் தம் குரலோடுதான் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரானார்.

டெசிபல் வரம்பு நடைமுறைக்கு ஒத்து வராது. கூரை மூடிய அரங்கில் ஒலிப்பது போல் திறந்தவெளிக் களத்தில் ஒலிக்காது. கருவியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். உரத்த குரலோடு பிறந்தவர் அதற்காகத் தண்டனை அனுபவிக்க நேரும். நான் அளக்கச் சொல்வது நேரத்தை. அடித்தவரின் சத்தம், பந்து வலையைக் கடப்பதற்குள் ஓய்ந்துவிட வேண்டும். எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் முக்கட்டும், ஆனால் அதற்குள் முடித்துக்கொள்ளட்டும். முதல் முறை மீறினால் எச்சரிக்கை. அடுத்த முறை புள்ளி பறிபோகும். வேண்டுமென்றே கத்தினாரா என்ற கேள்விக்கே இதில் வேலை இல்லை.

டென்னிஸுக்கு இது அந்நியமான எண்ணமும் அல்ல. இரட்டையர் ஆட்டத்தில் பந்து தம்மை நோக்கி வரும்போது கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொள்ளலாம். பந்து எதிரணியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது பேசினால் அது இடையூறு. பந்து போகும் திசையை வைத்துச் சத்தத்தைப் பிரிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மேலும், பந்தின் ஒவ்வோர் அங்குலப் பயணத்தையும் கேமராக்கள் கணக்கெடுக்கும் காலம் இது. 2025இல் விம்பிள்டனே கோட்டு நடுவர்களை அனுப்பிவிட்டு, அந்த வேலையைக் கருவிகளிடம் ஒப்படைத்துவிட்டது. பந்து வலையைக் கடந்த நொடியும், களத்தோர ஒலிவாங்கியில் பதிந்த குரல் ஓய்ந்த நொடியும் தெரிந்தால் போதும்.

சர்வீஸ் போட ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்திலும் முன்பு இதே கதைதான் நடந்தது. விதி இருந்தது, கண்டும் காணாமல் விட்டார்கள். 2018 அமெரிக்க ஓப்பனில் 25 நொடிக் கடிகாரத்தை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். முணுமுணுத்தவர்கள்கூட ஒரு பருவத்துக்குள் பழகிவிட்டார்கள்.

கேள்வி: என் மகள் 11 வயதில் டென்னிஸ் பயில்கிறாள். கத்தி அடித்தால்தான் வலு வரும் என்கிறார் பயிற்சியாளர். கத்தச் சொல்லலாமா?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள், அம்மா. செலஸ், அகாசி, ஷரபோவா, லார்ஷர் டி பிரிட்டோ ஆகிய நால்வரும் ஃபுளோரிடாவில் நிக் பொலட்டியெரியின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள் என்பதால், அவர்தான் கத்தக் கற்றுக்கொடுக்கிறார் என்று பலரும் குற்றம் சாட்டினார்கள். மூச்சு விடுவதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன், கத்துவதை அல்ல என்று அவர் மறுத்தார். அந்த மறுப்பை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். அறிவுரை மட்டும் சரியானது. பந்தில் மட்டை படும் கணத்தில் மூச்சு வெளியேறினால், உடம்புக்குக் கிடைக்க வேண்டிய ஆதாயம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ரோஜர் ஃபெடரர் 20 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வாயைத் திறக்காமலேதான் வென்றார். மூச்சோடு கொஞ்சம் சத்தமும் வந்தால் வரட்டும், அதட்ட வேண்டாம். இழுத்துக் கத்தினால் மட்டும், பதினொரு வயதிலேயே நிறுத்திவிடுங்கள். பதினெட்டு வயதில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைத்தான் செலஸ் விஷயத்தில் பார்த்தோமே.

கேள்வி: நீங்கள் டென்னிஸ் ஆடியதுண்டா? கத்துவீர்களா?
– குறும்புக்கார வாசகி, புதுச்சேரி

பதில்: ஆடியதுண்டு. பந்து வலையில் போய் விழுந்த பிறகுதான் என்னிடமிருந்து சத்தம் வரும். அது 26ஆம் விதிக்குள் அடங்காது.