சொந்த மண்ணில் பிரசவம்: ஈவெட் ரோவின் ஆய்வுப் பணி (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, பேராசிரியர் ஈவெட் ரோ யார்?

பதில்: ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண். நாட்டின் வடமேற்கில் உள்ள மேற்குக் கிம்பர்லிப் பகுதியின் நிகேனா ஜாவுரு மக்களைச் சேர்ந்தவர், வளர்ந்தது வடக்கே உள்ள டார்வின் நகரில். சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தில் மோலி வர்தகுகா ஆய்வு மையத்தை, மருத்துவச்சியான பேராசிரியர் சூ கில்டியாவோடு சேர்ந்து வழிநடத்தியவர்.

கேள்வி: மோலி வர்தகுகா என்பது யாருடைய பெயர்?

பதில்: வட ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகள் வாழும் ஆர்னம் லேண்ட் பகுதியில், மானிங்ரிடா என்ற ஊரில் பிரசவம் பார்த்த பாட்டி, புரரா இனத்தவர். அந்த ஊர்க் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும் முன்பே, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டார்வினுக்கு விமானத்தில் போய்விட வேண்டும். மற்ற பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, வலி எடுக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். பலருக்குத் துணைக்கும் ஆள் இருக்காது. பிரசவம் நம் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டவர் மோலி. ஆய்வுக்கான கேள்வியையே அந்த ஊர்ப் பெண்கள் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

கேள்வி: அப்படியென்றால் மருத்துவமனையே வேண்டாம் என்கிறார்களா? ஆபத்தில்லையா?

பதில்: இல்லை இல்லை. பிரிஸ்பேனில் 2013-ல் பூர்வகுடி நல அமைப்புகளும் மேட்டர் தாய்மார் மருத்துவமனையும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. அதில் பிரசவம் மருத்துவமனையில்தான். ஆனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருக்கென்றே ஒரு மருத்துவச்சி உண்டு, நடு இரவிலும் கூப்பிடலாம். கூடவே பூர்வகுடிக் குடும்ப உதவியாளர், பரிசோதனைக்கு வந்துபோக வண்டி. 2021-ல் ரோவும் குழுவினரும் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவை எழுதினார்கள்: வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு 38% குறைவு. புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை! அந்த எண்ணைப் பார்த்து அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி: அந்தப் பெண்கள் மருத்துவமனை என்றாலே தயங்குவது ஏன்?

பதில்: பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். 1910 முதல் 1970-கள் வரை அரசே பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது. பத்தில் ஒரு பிள்ளை முதல் மூன்றில் ஒரு பிள்ளை வரை அப்படிப் போயிருக்கலாம் என்றது 1997 விசாரணை அறிக்கை. 2008 பிப்ரவரி 13 அன்றுதான் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். பாட்டிக்கு நடந்ததைக் கேட்டு வளர்ந்தவள், தாளும் பேனாவுமாக வந்து நிற்கும் அந்நியரிடம் என்ன சொல்லிவிடுவாள்? ரோவைப் போன்றவர்கள் ஆய்வை நடத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: நான் செவிலியர் மாணவி. இந்த ஆய்வுத் துறைக்கு வர என்ன செய்யலாம் அக்கா?

பதில்: சில வருடம் பிரசவ வார்டில் வேலை பாருங்கள்மா. அப்புறம் புள்ளியியல், அதை விட்டுவிடாதீர்கள். அந்த 2021 கட்டுரை இணையத்தில் இலவசம்தான், அதை இப்போதே படிக்கத் தொடங்குங்கள்; புரியாத அட்டவணையை இங்கே கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.