படுத்தும் தூக்கம் வராத பிள்ளை பெற்றவள்

கேள்வி: குழந்தை பிறந்து ஐந்து வாரம். மனைவி சும்மா சும்மா அழுகிறாள், குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள். "பிள்ளை பெத்த உடம்பு, போகப் போகச் சரியாகிடும்" என்கிறார் மாமியார். மாத்திரை போட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: காத்திருக்காதீர்கள். பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஐந்தாம் வாரத்திலும் நீடித்தால் மனச்சோர்வு என்றே எண்ணிப் பரிசோதிக்க வேண்டும். இன்று ராத்திரி குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு அவரைப் படுக்கச் சொல்லுங்கள். அப்போதும் தூங்க முடியாமல் கிடந்தால் அது வெறும் அசதி இல்லை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது, பிள்ளை பெற்றவர்களின் மனச்சோர்வைக் கண்டறியும் 'எடின்பரோ' கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள். கடந்த 7 நாளைப் பற்றிய 10 கேள்விகள்தான், தமிழிலும் உண்டு. 30 மதிப்பெண்ணுக்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். 1987இலிருந்து இருக்கும் தாள் இது. குழந்தையின் எடையைத் தவறாமல் எழுதுகிறவர்கள் தாயிடம் ஐந்து நிமிடம் பேச மாட்டேன் என்கிறார்கள். இன்னும் எத்தனை பேர் விழ வேண்டும்? தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையும் கேளுங்கள். இரண்டுமே இதேபோல் சோர்வைக் காட்டும்.

பாலை நிறுத்த வேண்டியதில்லை. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் மாத்திரை பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும். பத்தாம் நாளில் "கேட்கலை" என்று நிறுத்திவிடாதீர்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அவருக்கோ அவர் குடும்பத்தில் யாருக்கோ முன்பு தூக்கமே இல்லாமல் அளவுமீறிப் பேச்சு, செலவு, ஆட்டம் என்று சில நாள் இருந்து மருத்துவம் பார்த்ததுண்டா? கல்யாணத்துக்காக மூடி வைத்த விஷயமானாலும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் சோர்வு தலைகீழாகத் திரும்பி அந்த அளவுமீறிய ஆட்டமாகலாம். காதில் குரல் கேட்கிறது, குழந்தை தன்னுடையதில்லை என்கிறார் என்றால் மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தரும் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். அப்படித் தரும் அல்பிரசோலம் பழக்கமாகும், பால் குடிக்கும் குழந்தையும் மந்தமாகும், சோர்வு அப்படியே இருக்கும். "காத்துக் கருப்பு" என்று தாயத்துக் கட்டிப் பணம் பறிப்பவர்கள் வாரக்கணக்கில் நாளையும் சேர்த்துத் தின்பார்கள்.

உங்களுக்கே எரிச்சல், குடி, வீட்டுக்கு வரப் பிடிக்காமை இருந்தால் நீங்களும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். அப்பாக்களுக்கும் இது வரும். உடனே பேச அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.