கரிப்புகைக்குப் பிறகு மறதியும் மந்தமும்: நரம்பியல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஊட்டிக் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிவிட்டார் என் வீட்டுக்காரர். ஆக்சிஜன் கொடுத்தார்கள், நன்றாகத்தான் வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து, சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். பேச்சில்லை, சிறுநீர் தெரியாமல் போகிறது. மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மந்திரிப்பு வேண்டாம் அம்மா, எம்.ஆர்.ஐ. எடுங்கள். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவின் நஞ்சில் இது தெரிந்த சங்கதிதான். ஆள் சில நாளோ சில வாரமோ தெளிவாக இருப்பார், அப்புறம் திடீரென்று சரிவார். மூளை நரம்பிழைகளின் மேலுறை சிதைவதுதான் முக்கியக் காரணம். நடிப்பும் இல்லை, பைத்தியமும் இல்லை. கொரியாவில் வீட்டைச் சூடாக்க நிலக்கரிக் கட்டி எரித்த காலத்தில் இப்படி ஏராளமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 1983இல் அங்கிருந்து வந்த ஆய்வில், இப்படித் தாமதமாகச் சரிந்து, தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் நாலில் மூன்று பேர் ஓராண்டுக்குள் தேறியிருந்தார்கள்.

கேள்வி: தம்பியைப் புகை தாக்கி இரண்டு மாதம் ஆகிறது. காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கலாமா?

பதில்: அது முதல் நாளுக்கான சிகிச்சை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை கொடுத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கே ஆறாம் வாரத்தில் நினைவு, கவனக் குறைபாடு இருந்தது. சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 46. வேறு ஆய்வுகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் போனபின் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. கடன் வாங்கி ஓடச் சொல்லமாட்டேன்.

கேள்வி: புகைக்குப் பிறகு அப்பாவுக்குக் கை விறைப்பு. பார்க்கின்சன் நடுக்க நோய்க்கான மாத்திரை கேட்குமா?

பதில்: அந்த மாத்திரையான லெவோடோபா இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. நடைப்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் ராத்திரியெல்லாம் கத்துகிறான், எல்லோரையும் சந்தேகப்படுகிறான்.

பதில்: மனநல மருத்துவரிடம் புகை விஷயத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் இவர்களுக்கு விறைப்பைக் கூட்டிவிடலாம். குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். புகை தற்செயலா, அவரே தேடிப் போனதா என்றும் கேட்பார்கள். மறைக்காதீர்கள். அதைப் பொறுத்துத்தான் அவரைத் தனியே விடலாமா என்பதே முடிவாகும்.

கேள்வி: வங்கி வேலைக்குத் திரும்பிவிட்டேன். கூட்டல் தப்புகிறது, எதிலும் பிடிப்பில்லை.

பதில்: பிடிப்பில்லாததை முதலில் கவனிப்போம். மனச்சோர்வும் தூக்கக் கேடும் நினைவை இன்னும் இழுத்துவிடும், அவற்றுக்கு மருந்து உண்டு. மறதிக்கென்று நிரூபணமான மாத்திரை கிடையாது. நினைவாற்றல் சோதனை ஒன்று செய்து, எங்கே தப்புகிறது என்று பாருங்கள். அரை நாள் வேலை, ஒரு நேரத்தில் ஒரே கணக்கு, எல்லாவற்றுக்கும் போனில் அலாரம். சில மாதம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒப்பிடலாம். அதுவரை பைக் ஓட்ட வேண்டாம்.