ஆடியவர்களின் மேடை

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்கள் 'சோல் டிரெயின்' தொலைக்காட்சி நிகழ்ச்சியை இன்றும் கொண்டாடுவது ஏன்?

பதில்: பாடியவர்களைவிட ஆடியவர்களுக்காகத்தான் என்பேன். இந்த ஆடல் பாடல் நிகழ்ச்சியை 1970-ல் சிகாகோவில் அதன் தொகுப்பாளர் டான் கார்னீலியஸ் தொடங்கினார். மறு ஆண்டே பிற நகரங்களுக்கும் பரவி, 2006 வரை நீடித்தது. பழைய பதிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த வரிசையைத்தான். இருபுறமும் இளைஞர்கள் கைதட்டி நிற்க, நடுவே ஜோடி ஜோடியாக ஆடி வருவார்கள். சில நொடிகள்தான், அதற்குள் தோளுக்கு ஒரு தாளம், முழங்காலுக்கு ஒரு தாளம்! இடையில் வந்த விளம்பரங்களோ, இயல்பான சுருளோடு அடர்ந்து நிற்கும் 'ஆப்ரோ' முடியின் அழகைப் பேசின. தங்கள் சுருட்டை முடியைக் குறையென்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்! இன்றும் கறுப்பின மக்களின் திருமணங்களில் அந்த வரிசை உருவாகிவிடுகிறது. பாட்டியும் பேரனும் சேர்ந்தே ஆடி வருகிறார்கள்.