பதில்: துத்தநாக ஆக்சைடு மேல் தங்கம் வைத்தும் டையோடு வரவில்லை

சோல்-ஜெல் முறையில் (கரைசலைப் பூசிச் சூடாக்கி) செய்த துத்தநாக ஆக்சைடு படலத்தில் தங்கத்தை ஆவிப்படிவு செய்தும் ஷாட்கி டையோடு (உலோகமும் குறைக்கடத்தியும் தொடும் இடத்தில் மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் அமைப்பு) வராமல் மின்னோட்ட-மின்னழுத்த வரைபடம் நேர்கோடாகவே இருக்கிறது என்கிறீர்கள். ஆய்வகம் புதுச்சேரி காலாப்பட்டில், கடலை ஒட்டி. தங்கத்தைச் சந்தேகப்படாதீர்கள்.

முதலில் ஒன்று. அடியில் ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளிபுகு ஆக்சைடு) பூசிய கண்ணாடியா? படலத்தில் ஊசித்துளை இருந்தால் தங்கம் நேரே அடியைத் தொட்டுவிடும். புள்ளிக்குப் புள்ளி மின்தடை தாறுமாறாக மாறினால் அதுதான் காரணம். இன்னும் இரண்டு பூச்சு கொடுங்கள்.

அது இல்லையென்றால் மேற்பரப்புதான். தங்கத்தின் வெளியேற்று ஆற்றல் (ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவைப்படுவது) சுமார் 5.1 எலக்ட்ரான் வோல்ட், துத்தநாக ஆக்சைடின் எலக்ட்ரான் நாட்டம் (வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல்) சுமார் 4.2. கழித்தால் 0.9 எலக்ட்ரான் வோல்ட் தடுப்பு, அதாவது எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஆற்றல் மேடு, வர வேண்டும். ஏட்டுக் கணக்கு! ஈரக்காற்றிலிருந்து ஹைட்ராக்சில் (OH) மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஆற்றல் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள்) கீழ்நோக்கி வளைந்து எலக்ட்ரான்கள் அங்கே குவிகின்றன. ஆக்சிஜன் அணு விடுபட்ட காலியிடங்களும் சேர்ந்தால் தடுப்பு மெலிந்து, எலக்ட்ரான்கள் ஊடுருவிப் போய்விடும். ஐப்பசி மழையில் புதுச்சேரியில் படலத்தைத் திறந்து வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

உலோகம் படியவிடுவதற்குச் சற்று முன் ஆக்சிஜன் பிளாஸ்மா (மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் அயனி வாயு) கொடுத்து, உடனே வெற்றிட அறைக்குள் வைத்துவிடுங்கள். அப்புறமும் சரியாகவில்லையா? ஆக்சிஜன் கலந்த ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைக்கும் முறை) வெள்ளி ஆக்சைடு முயலுங்கள். ஒற்றைப்படிகங்களில் அது 1 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய தடுப்பு தந்திருக்கிறது. என் கணிப்பில் தங்கத்தைவிட அதுவே நம்பகமானது.

அளவீட்டை இருட்டில் எடுங்கள். வெயில் பட்ட படலத்தில் ஒளிமின்னோட்டம் மணிக்கணக்கில் அடங்காது.