இரண்டரை வயதுப் பையன் பேசாததற்கு டிவி மட்டும்தான் காரணமா?

டிவி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது அவன் பார்க்கும் கார்ட்டூன் இல்லை, யாரும் பார்க்காதபோதும் காலை முதல் இரவு வரை கூடத்தில் டிவி ஓடிக்கொண்டே இருப்பதுதான்.

பின்னணியில் டிவி ஓடினால் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது தானாகக் குறைந்துவிடும். நமக்கே தெரியாது. குழந்தை ஏதோ ஒரு சத்தம் எழுப்பும், நாம் அதற்குப் பதில் சொல்வோம், அது மறுபடி முயலும், பேச்சு வருவது இப்படித்தான். திரை அவனுக்குப் பதில் சொல்லாதே.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். யாரும் உட்கார்ந்து பார்க்காத நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் கண்டிப்பாக. அவன் எத்தனை முறை உங்களைப் பார்த்து ஏதாவது சொல்ல வருகிறான் என்று குறித்து வையுங்கள். முதல் சில நாள் அழுவான், அதற்காக மறுபடி போட்டுவிடாதீர்கள்.

முழுக்க நிறுத்தவும் வேண்டாம். 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "நாய் எங்கே ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே பாருங்கள், அப்போது அதே டிவி சொல் கற்றுத் தரும்.

அப்புறம், இந்த வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் அந்த ஒரு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் காட்டி முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.