காஸ்ட்லி சிடி ப்ளேயர்ல சவுண்டு நெஜமாவே மாறுமா?

5,000 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் ப்ளேயர் வாங்கலாமா, இல்ல 50,000க்கு புதுசா போகலாமான்னு கேட்டிருக்கீங்க. பழசே போதும்ங்க. சிடியில இருக்கறதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான் (சத்தத்தை செகண்டுக்கு 44,100 தடவை அளந்து நம்பரா எழுதினது), 1982ல வந்ததுலேர்ந்து அது மாறவே இல்ல, அந்த டிஜிட்டல் நம்பரை ஒழுங்கா அனலாக் சிக்னலா மாத்துற டாக் (DAC) சிப் சாதாரண மாடல்லயே இருக்கு, அதனால மிச்ச காசை ஸ்பீக்கர்ல போடுங்க, வித்தியாசம் அங்கதான் காதுல விழும். கடையில ரெண்டு ப்ளேயரை மாத்தி மாத்திப் போட்டுக் காட்டினா வால்யூம் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, லேசா சத்தம் கூட இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணும் (விக்கிறவங்களுக்கும் இது தெரியும்!).

பழசுல லேசர்தான் உயிர். கீறல் விழுந்த டிஸ்க் ஒண்ணு, பர்ன் பண்ணின சிடி-ஆர் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க. டிஸ்க்கை உள்ளேர்ந்து வெளிய பாத்துதான் படிக்கும், அதனால முதல் ட்ராக்லேர்ந்து கடைசிக்கு டக்குனு தாவவிட்டுப் பாருங்க, தேடித் தேடி கர்ர்ருனு முழிச்சா விட்டுடுங்க. ட்ரே திக்கித் திறந்தா பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான், சீப்பா மாத்திடலாம், பேரம் பேசவும் நல்ல சாக்கு. ஆப்டிகலோ கோஆக்ஸியலோ, ஏதாவது ஒரு டிஜிட்டல் அவுட் (சிடியில இருக்கற நம்பரை அப்படியே வெளிய அனுப்பற சாக்கெட்) இருந்தா இன்னும் நல்லது, அப்புறமா ஆசை வந்தா தனி டாக் மாட்டிக்கலாம்.